பராக்குப் பார்க்கும் உரிமை

"பட்டாசு ஆலையில் வேலை செய்யும் பெண்களை உட்காரவைத்து நீங்கள் காட்டியது கார்ட்டூனா?" என்று என்னுடன் பணிபுரியும் பேராசிரியர் ஒருவர் கேட்டார். அவரும் பெண். மேடைகளில் பெண்ணியம் பேசுபவர். "பாதுகாப்பு விழிப்புணர்வுப் படங்கள் எத்தனையோ இருக்கின்றன. அதில் ஒன்றைக் காட்டியிருந்தால் ஓர் உயிராவது பிழைக்கும். ரோபோ வானத்தில் பறக்கிறதைப் பார்த்து அவர்களுக்கு என்ன ஆகப்போகிறது?"

அன்று நான் பதில் சொல்லவில்லை. தேநீர் ஆறிக்கொண்டிருந்தது, அடுத்த வகுப்புக்கு மணி அடித்துவிட்டது. இப்போது சொல்கிறேன். இந்தக் கட்டுரை அவருக்கு மட்டுமானதும் இல்லை. உழைக்கும் பெண்ணுக்குக் கருத்துச் சொல்லாமல் அவள் முன்னால் எந்தத் திரையையும் விரிக்கக் கூடாது என்று நினைக்கிற எல்லோருக்கும்தான்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நான் பிறந்தது சிவகாசிக்குப் பக்கத்தில் விஸ்வநத்தம். அம்மா தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கியவள். நானும் என் அக்காவும் பள்ளிக்கூடம் விட்டு வந்து பெட்டி ஒட்டியவர்கள். நான் படித்து வெளியே வந்துவிட்டேன், அக்கா அங்கேயே இருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா வீட்டுத் திண்ணையில் அக்கா மகள் என் மடிக்கணினியைத் திறந்து ஒரு படம் போட்டாள். 'பர்ன்-ஈ' என்று பெயர். பிக்ஸார் நிறுவனம் எடுத்தது, ஆங்கஸ் மக்லேன் இயக்கியது. எட்டு நிமிடம்கூட முழுதாக ஓடாது. 'வால்-ஈ' என்ற முழுநீளப் படத்தோடு சேர்த்து 2008-இல் குறுந்தகட்டில் வெளியிட்ட துணுக்குப் படம். பிள்ளைக்காகத்தான் போட்டோம். மதினி வந்தாள், எதிர்வீட்டு அத்தை வந்தாள், தண்ணீர்க் குடத்தோடு போன இரண்டு பேர் குடத்தை இறக்கி வைத்துவிட்டு வந்தார்கள். கடைசியில் எட்டுப் பெண்கள். ஏழு பேர் பட்டாசுக்குப் போகிறவர்கள், மிச்சம் ஒருத்தி நான்.

கதை இதுதான். விண்வெளியில் ஒரு பெரிய கப்பல் மிதக்கிறது. அதன் வெளிப்பக்கத்தில் ஒரு விளக்கு உடைந்துவிடுகிறது. எப்படி உடைந்தது? பெரிய படத்தின் நாயகனான வால்-ஈ ஒரு விண்கலத்தைத் தொற்றிக்கொண்டு போகும்போது, கிரகத்தைச் சுற்றி மிதக்கும் துகள்களைக் கையால் அளைந்துகொண்டே போகிறான். அதில் விலகிய ஒரு சின்னக் கல் வந்து விளக்கில் அடிக்கிறது. காதலன் கை விளையாட்டுக்கு விளைந்த சேதத்தைச் சரிசெய்ய, பர்ன்-ஈ என்ற பற்றவைப்பு ரோபோ அனுப்பப்படுகிறது. புது விளக்கைப் பொருத்தப் போகும்போது நாயகனின் அமர்க்களம் கண்ணில் படுகிறது. அண்ணாந்து பார்க்கிறது. விளக்கு கையிலிருந்து நழுவி வெளியில் மிதந்து போய்விடுகிறது. இரண்டாவது விளக்கு. இந்த முறை வால்-ஈயும் அவன் காதலி ஈவும் நட்சத்திரங்களுக்கு நடுவில் நடனமாடுகிறார்கள். பர்ன்-ஈ பார்த்துக்கொண்டே நிற்க, கையில் இருந்த தீச்சுடர் விளக்கை இரண்டாக அறுத்துவிடுகிறது. மூன்றாவது விளக்கை ஒழுங்காகப் பற்றவைத்து முடிக்கும்போது, காதலர்கள் உள்ளே போய்க் கதவு சாத்திக்கொள்கிறது. வேலை செய்தது வெளியே நிற்கிறது. அந்தப் பக்கம் நாயகர்கள் மனிதகுலத்தையே மீட்கிறார்கள். இந்தப் பக்கம் இதற்கு உள்ளே போக வழி இல்லை. எல்லாம் முடிந்து கப்பல் பூமிக்கு வந்து, அந்த விளக்கு ஒருவழியாக எரியும்போது, மேலிருந்து ஒன்று வந்து விழுந்து அதை நொறுக்குகிறது.

திண்ணையில் சிரிப்பு அடங்கவில்லை. அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். முதலில் எல்லோரும் அதை 'அது' என்றார்கள். கொஞ்ச நேரத்தில் 'அவன்' ஆயிற்று. கதவு சாத்தி வெளியே நின்றதும், யாரும் யோசிக்காமலே 'இவ' ஆகிவிட்டது. "இவள வெளிய விட்டுட்டுக் கதவச் சாத்திட்டானுகளே" என்றாள் அக்கா. மனிதரை உயர்திணை என்றும் மற்றவற்றை அஃறிணை என்றும் தொல்காப்பியம் பிரிப்பதைப் பதினெட்டு வருடங்களாகப் பாடம் நடத்துகிறேன். இரும்பாலான ஒரு பொருள் எட்டு நிமிடத்துக்குள் அஃறிணையிலிருந்து ஆண்பாலுக்கும் ஆண்பாலிலிருந்து பெண்பாலுக்கும் ஏறிப் போனதை அன்றுதான் பார்த்தேன். வேலைதான் அதன் பாலைத் தீர்மானித்தது.

மதினி மட்டும் சிரிக்கவில்லை. இரண்டாவது விளக்கு அறுபட்ட இடத்தில், "இவளாச்சும் லைட்டத்தான் விட்டா. நான் கைய விட்டேன்" என்றாள். அப்புறம்தான் சிரித்தாள். சிரித்துவிட்டு, "அந்த இடத்த இன்னொருக்கப் போடு தாயி" என்று பிள்ளையிடம் கேட்டாள்.

மதினியின் இடது கை முழங்கைக்குக் கீழே சுருங்கி, விரல்கள் மடங்கி இருக்கும். பதினோரு வருடங்களுக்கு முன்பு ஓர் ஆலையில் புஸ்வாணத்துக்கு மருந்து இறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்து அறையில், அந்த அறைக்கு அனுமதித்த அளவை மீறிக் கலவை குவித்து வைத்திருந்தார்கள். ஆட்களும் கூடுதல். வெளியே மரத்தில் ஒரு மயில் அகவியது. மதினி தலையைத் தூக்கி வாசல் பக்கம் பார்த்தாள். அந்த நொடியில் பக்கத்து அறை பற்றியது. வாசலைப் பார்த்து இருந்ததால் வெளியே ஓட முடிந்தது, கையோடு போயிற்று. மறுபக்கம் திரும்பி இருந்தவள் பிழைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டவர்களிடம் மதினி ஒளிக்காமல் மயிலைப் பார்த்ததைச் சொன்னாள். அது போதுமானதாக இருந்தது. அடுத்த அறையில் பற்றிய தீக்கு இந்த அறையில் மயில் பார்த்தவள் காரணமானாள். 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதிக்கொண்டார்கள். தெருவில் இன்றுவரை அவளுக்கு 'மயில் பாத்தவ' என்றுதான் பெயர்.

அந்தப் பெயரைத்தான் நான் எதிர்த்துப் பேச வேண்டும்.

பராக்குப் பார்ப்பது என்று நம் பக்கத்தில் சொல்வோம். கைவேலையை விட்டுக் கண்ணை வேறெங்கோ விடுவது. பெண்பிள்ளைக்குப் பேச்சு வரும் முன்பே இந்த ஏச்சு வந்துவிடுகிறது. தெருவில் பராக்குப் பார்க்காமல் நட. பஸ்ஸில் பராக்குப் பார்க்காதே. அடுப்பில் பால் இருக்கும்போது அங்கே என்ன பராக்கு. தலை குனிந்து நடந்தால் நல்ல பிள்ளை, நிமிர்ந்து பார்த்தால் வேறு பெயர். இதே சொல்லுக்கு அகராதியில் நேர் எதிரான பொருளும் உண்டு. அரசன் சபைக்கு வரும்போது கட்டியக்காரன் "பராக்! பராக்!" என்று கத்துவான். எல்லோரும் இங்கே கவனியுங்கள் என்று அர்த்தம். ராஜாவைப் பார்த்தால் பராக்கு என்பது கவனம். மயிலைப் பார்த்தால் பராக்கு என்பது கவனக்குறைவு. எதைப் பார்க்க வேண்டும் என்பதை எப்போதுமே வேறு யாரோதான் முடிவு செய்திருக்கிறார்கள்.

இன்னொரு சொல்லும் இருக்கிறது. நாங்கள் செய்யும் சரக்குக்குப் பழைய பெயர் வாணவேடிக்கை. அண்ணாந்து பார்ப்பதற்கென்றே செய்யப்படும் பொருள் இது. தின்ன முடியாது, உடுத்த முடியாது, மறுநாள் குப்பைதான். இந்தியாவில் தீபாவளிக்கு வெடிக்கும் பட்டாசில் பெரும்பகுதி இந்த விருதுநகர் மாவட்டத்திலிருந்து போகிறது. கோடிக்கணக்கானவர்கள் ஓர் இரவு தலை நிமிர்ந்து வாய் பிளந்து நிற்பதற்காக, இங்கே பெண்கள் வருடம் முழுக்கத் தலை குனிந்து குழாய் சுற்றுகிறார்கள், திரி வைக்கிறார்கள், சரம் பின்னுகிறார்கள். ஊருக்கு வேடிக்கை செய்து தருகிறவள் வேடிக்கை பார்க்கக் கூடாது. பார்த்தால் கூலி குறையும். எண்ணிக்கைக் கூலியில் ஒருமுறை நிமிர்வதற்கும் விலை உண்டு. அதற்கு மேல் அவள் உயிர், அதற்கும் மேல் அவள் பெயர்.

விபத்துச் செய்திகளை எடுத்துப் பாருங்கள். 'மருந்துக் கலவையின்போது உராய்வு ஏற்பட்டு' என்று ஒரு வரி தவறாமல் இருக்கும். உராய்வுக்கு முதலாளி கிடையாது, குத்தகைதாரர் கிடையாது, அது தானாக வந்து தானாகப் போகும். மிஞ்சிப் போனால் போர்மேன் கைது. அவருடைய சம்பளத்துக்கு அதிகாரம் எவ்வளவு இருக்கும் என்று யாரும் கேட்பதில்லை.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். விதிமீறலுக்காக உரிமம் நிறுத்திவைக்கப்பட்ட பிறகும் அந்த ஆலை ஓடியது என்று அப்போது செய்தி வந்தது. முதல் வெடிச் சத்தம் கேட்டு உதவிக்கு ஓடியவர்களும், என்னவென்று பார்க்கப் போனவர்களும் அடுத்த வெடிப்பில் செத்தார்கள். அதற்கும் ஊரில் ஒரு பேச்சு இருந்தது: வேடிக்கை பார்க்கப் போனால் இப்படித்தான். 2021 பிப்ரவரி 12, அச்சன்குளம். இருபதுக்கும் மேற்பட்ட சாவுகள். உரிமம் ஒருவர் பெயரில், ஆலை குத்தகையில், குத்தகைக்குள் இன்னும் குத்தகை என்று பிறகு வெளியே வந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது. 2024 மே மாதம் செங்கமலப்பட்டி. இறந்தவர்களில் பெண்கள் பாதிக்குக் குறையவில்லை. உரிமம் நிறுத்தப்பட்ட ஆலையை ஓட்டியது எந்தத் தொழிலாளியின் கவனக்குறைவு? ஆலையைத் துண்டு துண்டாகக் குத்தகைக்கு விட்டது யாருடைய கை உராய்வு? நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாத அறையில் அதற்கு மேல் ஆளை அடைத்ததும், அறை போதாமல் மரத்தடியில் மருந்து வேலை பார்க்கவைத்ததும் மயிலைப் பார்த்தவளா?

இங்கேதான் விழிப்புணர்வுப் படம் வருகிறது. நானும் நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றிலும் ஒரு பெண் இருப்பாள். அவள் தப்பு செய்வாள். நைலான் சேலை கட்டி வருவாள், இரும்புக் கரண்டியை எடுப்பாள், பக்கத்தில் இருப்பவளோடு பேசுவாள், கவனம் சிதறும், வெடிக்கும். பிறகு வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் வந்து இனிமேல் கவனமாக இருக்கச் சொல்வார். பருத்தித் துணி உடுத்தத்தான் வேண்டும், செம்பு, பித்தளைக் கருவிதான் பிடிக்க வேண்டும். அதை எங்கள் பெண்கள் அந்த வெள்ளைச் சட்டைக்காரரைவிட நன்றாக அறிவார்கள். சேலைக்கு மேல் புருஷனுடைய பழைய பருத்திச் சட்டையைப் போட்டுக்கொண்டு போகும் கூட்டத்தைக் காலையில் ஆலை வேன்களில் பார்க்கலாம். அறியாதவள் என்று வைத்துக்கொண்டு அவளுக்குச் சொல்லித்தருவதன் வசதி என்னவென்றால், அறிந்தும் மீறியவர்களைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. குத்தகைதாரருக்கு என்று ஒரு விழிப்புணர்வுப் படம் எடுத்ததை நான் பார்த்ததில்லை.

நம்மைப் பற்றி எடுத்த படங்களும் உண்டு. 1990-இல் சலம் பென்னூர்கர் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற ஆவணப்படம் எடுத்தார். எங்கள் வயதுப் பிள்ளைகள் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் போனதை அது உலகத்துக்குக் காட்டியது. அதே காலத்தில்தான் எம்.சி.மேத்தா தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் பற்றி 1990-இலும் 1996-இலும் தீர்ப்புச் சொன்னது. அந்த ஆவணப்படத்தின் மேல் எனக்குக் குறை இல்லை, நன்றிதான் இருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு கேமராவோடு வந்தவர்களில் பலரும் எங்களிடம் கேட்டது ஒரே ஒரு முகத்தைத்தான். அழுகிற முகம். சிரித்தால் கேமராவை நிறுத்திவிடுவார்கள். மதினியின் கையைப் படமெடுத்தவர்கள் நான்கைந்து பேராவது இருப்பார்கள். அவளுக்கு என்ன படம் பிடிக்கும் என்று ஒருவரும் கேட்டதில்லை.

சரி, ரோபோவுக்கு வருவோம். இந்தியா ஒரு ரோபோவை விண்வெளிக்கு அனுப்பப்போகிறது. வியோமித்ரா என்று பெயர். 2020 ஜனவரி 22 அன்று பெங்களூருவில் இஸ்ரோ அதை அறிமுகப்படுத்தியது. ககன்யான் திட்டத்தில் மனிதர்கள் போவதற்கு முன்பு, ஆளில்லாப் பயணத்தில் போய்ச் சோதித்துப் பார்ப்பதற்கான இயந்திரம். அதற்குப் பெண் முகம், பெண் குரல், பெண் பெயர். இடுப்புக்குக் கீழே எதுவும் இல்லை, கால் கிடையாது. முன்னால் குனியும், பக்கவாட்டில் சாயும், எழுந்து நடக்காது. பொத்தான்களை இயக்கும், காற்றும் அழுத்தமும் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும், ஆபத்து என்றால் எச்சரிக்கும், விண்வெளி வீரர்களுக்குத் துணையாகப் பேசும், கேட்டால் பதில் சொல்லும். 2024 பிப்ரவரி 27 அன்று திருவனந்தபுரத்தில் அந்த வீரர்களின் பெயர்களை அறிவித்தார்கள். நான்கு பேர். நால்வரும் ஆண்கள்.

இஸ்ரோவில் பெண்களே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். சூரியனை ஆராயப் போன ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநர் நிகார் ஷாஜி, எங்களுக்குப் பக்கத்திலுள்ள செங்கோட்டைக்காரர். அவரை நினைத்து எங்கள் மாணவிகள் பூரிக்கிறார்கள், நானும்தான். நான் கேட்பது வேறு. ஒரு பொம்மையை முழுக்கக் கற்பனையிலிருந்து வடிவமைக்கும் சுதந்திரம் கிடைத்தபோது என்ன பெண்ணைச் செய்தார்கள்? ஓட முடியாதவள், இருந்த இடத்திலேயே இருப்பவள், கேட்டதற்குப் பதில் சொல்பவள், ஒரு நொடியும் கவனம் சிதறாதவள். ஜன்னலுக்கு வெளியே பூமியே நீலமாக உருண்டாலும் இவள் பொத்தானைத்தான் பார்ப்பாள். விழிப்புணர்வுப் படங்கள் இத்தனை வருடமாகத் தேடிக்கொண்டிருந்த இலட்சியத் தொழிலாளி இவள்தான்.

சோதனைக்கு முதலில் யாரை அனுப்புவது என்பதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1957 நவம்பரில் சோவியத் ஒன்றியம் அனுப்பிய லைக்கா மாஸ்கோ தெருவில் பிடித்த பெண் நாய். அது திரும்பி வருவதற்கு ஏற்பாடே செய்யவில்லை. இன்று நாய்க்குப் பதில் ரோபோ. உயிர் விலைமதிப்பில்லாதது, ஆகவே ஆபத்துள்ள இடத்துக்கு முதலில் இயந்திரம் போகட்டும் என்கிறார்கள். நல்ல கொள்கைதான். அந்தக் கொள்கை விஸ்வநத்தத்துக்கு மட்டும் ஏன் வரவில்லை? ககன்யானைத் தூக்கிக்கொண்டு போகும் எல்.வி.எம்.-3 ராக்கெட்டின் பக்கவாட்டு உந்துகலங்களில் இருக்கும் திட எரிபொருளில் அலுமினியப் பொடி சேர்கிறது. நாங்கள் சில்வர் பவுடர் என்று சொல்வது அலுமினியப் பொடியைத்தான். தரம் வேறாக இருக்கலாம், உலோகம் ஒன்றுதான். அங்கே அதைக் கட்டுப்பாட்டு அறையில் இருந்துகொண்டு இயந்திரத்தால் கலக்கிறார்கள். இங்கே கையால் கலக்கிறோம். பேன்சி ரகம் செய்யும் ஆலையிலிருந்து சாயங்காலம் இறங்கும் பெண்களைப் பாருங்கள். தலை, புருவம், கை எல்லாம் வெள்ளி நிறம். எங்கள் ஊரில் ரோபோ இல்லை என்று யார் சொன்னது? ரோபோவைவிடப் பெண் மலிவு, அவ்வளவுதான்.

'ரோபோ' என்ற சொல்லே 1920-இல் செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாபெக் எழுதிய நாடகத்திலிருந்து வந்தது. 'ரோபோட்டா' என்றால் பண்ணையாருக்குக் கூலியில்லாமல் செய்து தீர்க்க வேண்டிய கட்டாய வேலை. நம் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்று வருவது அதுதான். புறநானூற்றிலேயே ஆளில்லாத வான ஊர்தி இருக்கிறது என்று மேடையில் மார்தட்டும் தமிழறிஞர்கள், கல்வெட்டில் வெட்டி இருக்கிறது என்பதையும் சேர்த்து முழங்கினால் நன்றாக இருக்கும். ஒரு நாட்டின் அறிவியல் வானத்தில் எவ்வளவு உயரம் போயிருக்கிறது என்பதை, அது யாரை இன்னும் வெட்டிக்கு வைத்திருக்கிறது என்பதோடு சேர்த்துத்தான் அளக்க வேண்டும்.

இப்போது பர்ன்-ஈ ஏன் எங்கள் திண்ணையை அப்படிச் சிரிக்கவைத்தது என்று புரியும். அது வேலைக்காகவே செய்யப்பட்ட பொருள். அப்படியிருந்தும் அண்ணாந்து பார்க்கிறது. அழகாக ஒன்று கண்ணில் பட்டதும் கைவேலை மறந்துபோகிறது. அது தப்பு செய்தது என்று படம் மறைக்கவில்லை. இரண்டு விளக்கு அதனால்தான் போயிற்று. ஆனால் விலை ஒரு விளக்கு மட்டும். கிடங்கில் இருக்கும் ரோபோ சலித்துக்கொண்டு அடுத்த விளக்கை எடுத்துத் தருகிறது. பராக்குப் பார்த்தால் ஒரு விளக்கு நட்டம் என்கிற உலகத்தை எங்கள் பெண்கள் எட்டு நிமிடம் பார்த்தார்கள். அந்தச் சிரிப்பில் பொறாமை கொஞ்சம் இருந்தது என்றுகூடச் சொல்வேன்.

என் சக பேராசிரியர் இதற்கும் மறுப்புச் சொல்வார். இது டிஸ்னியின் சரக்கு, குறுந்தகடு விற்பதற்காகச் சேர்த்த இலவச இணைப்பு, கடைசிவரை அந்த ரோபோ சங்கம் அமைக்கவில்லை, விளக்கும் உடைகிறது, தொழிலாளியைக் கேலிப்பொருளாக்கிவிட்டார்கள் என்பார். எல்லாமே உண்மை. அந்தப் படத்தை எடுத்தவர்கள் சிவகாசியை நினைத்து எடுத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் அதைப் பார்த்து முடித்த ஏழு பெண்களும் காதலர்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கதவை யார் சாத்தினார்கள், உள்ளே இருந்தவர்கள் ஏன் திறக்கவில்லை, விளக்கு வாங்கிய காசை அதன் கூலியில் பிடிப்பார்களா என்றுதான் பேசினார்கள். எந்த வகுப்பிலும் நான் நடத்தாத அரசியல் பாடம் அது. ஆனால் பாடம் கிடைத்தது என்பதற்காக அந்தச் சிரிப்பை நான் நியாயப்படுத்த விரும்பவில்லை. அவர்கள் வெறுமனே சிரித்திருந்தாலும் எனக்குப் போதும். உழைக்கிற பெண் ரசித்தால் அதிலிருந்து ஏதாவது பயன் வந்தே ஆக வேண்டும் என்று கேட்பதும், எண்ணிக்கைக் கூலிக்காரன் குரோஸ் கணக்குக் கேட்பதும் ஒன்றுதான்.

"உயிர் போகிற இடத்தில் ரசனையைப் பற்றிப் பேசலாமா?" என்றும் கேட்பார்கள். அங்கேதான் பேச வேண்டும். மனித உடம்பு இமைக்கும், தும்மும், அயரும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நினைத்துக்கொள்ளும், மயில் அகவினால் திரும்பும். அப்படித் திரும்பும் ஒரு நொடியில் ஆள் செத்துப்போவாள் என்றால், அந்த வேலையை அப்படி அமைத்தவர்தான் குற்றவாளி. கவனம் சிதறாத பெண்ணை உருவாக்குவதற்குப் பதிலாக, கவனம் சிதறினாலும் சாகாத வேலையை உருவாக்குங்கள். நான் கேட்பது புதிதாக ஒன்றுமில்லை. மருந்துக் கலவையிலிருந்து மனிதக் கை வெளியே வரட்டும். அப்படி இயந்திரம் வரும்போது இடம் இழப்பவளுக்கு அதே ஆலையில் ஆபத்தில்லாத வேலை கொடுங்கள், இயந்திரத்தைச் சாக்கு வைத்து அவளை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தாதீர்கள். அறைக்கு எத்தனை பேர், எத்தனை கிலோ என்று விதி சொல்கிறதோ அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். உரிமம் யாருக்கோ ஆலை யாருக்கோ என்ற உள்குத்தகையை ஒழியுங்கள். எண்ணிக்கைக் கூலியை எடுத்துவிட்டு நாள் கூலி கொடுங்கள், தலை நிமிர்வதற்குக் காசு பிடிக்காதீர்கள். விசாரணை அறிக்கையில் கவனக்குறைவு என்ற சொல்லை எழுதும் முன், அந்த அறையில் எவ்வளவு மருந்து இருந்தது என்று முதலில் எழுதுங்கள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது மதினி தயாராக இருந்தாள். "அந்தப் பெரிய படத்தப் போடு. அதுல இவ எங்கிட்டு வாரான்னு பாக்கணும்" என்றாள். 'வால்-ஈ'யைப் போட்டோம். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் படத்தில் பர்ன்-ஈ வருவது சில நொடிகள்தான். காதலர்கள் நடனமாடிய இடத்தில் திண்ணையில் ஒருவரும் அவர்களைப் பார்க்கவில்லை. எல்லாக் கண்ணும் திரையின் ஓரத்தில், கப்பலின் வெளிச்சுவரில், எங்கேயாவது ஒரு சின்னத் தீப்பொறி தெரிகிறதா என்று தேடிக்கொண்டிருந்தன. கதவு சாத்தி அது வெளியே நின்று தட்டும் காட்சி வந்ததும் மதினி மடங்கிய விரல்களால் திரையைத் தொட்டு, "இந்தா, இந்தா நிக்கா பாரு!" என்று கத்தினாள்.

பிள்ளை படத்தை நிறுத்தினாள். நாங்கள் எட்டுப் பேரும் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.